பன்னிரண்டரை காட்டிய பற்றரி

20.03.2022
மறியற்சாலை,
சென்னைப் புறநகர்.

அன்பு மிகுந்த றஞ்சித் அண்ணைக்கு,

ஆண்டவர் காவலில் நானும் மாமாவும் உயிரோடு இருக்கிறோம். நீங்கள், ஜெசிதா அண்ணி, பிள்ளைகள் எல்லாரும் சுகந்தானே? குருநகரில் எங்களுக்கு இறந்தவர் பூசையே ஒப்புக்கொடுத்திருப்பார்கள் என்று மாமா பயப்படுகிறார். அதனால்தான் இதை முதல் வரியில் எழுதினேன்.

இங்கிருந்து வெளிநாட்டுக்குத் தொலைபேசி எடுக்க விடமாட்டார்கள். கடிதம் எழுதலாம். வாசித்துப் பார்த்துவிட்டு அனுப்புவார்கள். யசிந்தாவுக்குத் தனியாக ஒன்று எழுதியிருக்கிறேன், புருசனையும் தகப்பனையும் நினைத்து அழுதுகொண்டிருப்பாள்.

நடந்தது இதுதான். நெடுந்தீவுக்கு மேற்கே வலையை விட்டதும் எஞ்சினை நிறுத்தினோம். டீசல் கிடைக்கிற நிலைமை உங்களுக்குத் தெரியும். ஜீபிஎஸ்ஸும் வலை விளக்கும் மட்டும் பற்றரியில் ஓடின. கிழக்கிலிருந்து கொண்டல் காற்று எதிர்பாராமல் பலத்தது. அவசரமாக வலையை ஏற்றிவிட்டு எஞ்சினை ஸ்ராட் பண்ணினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். "திருப்பி அமத்து, திருப்பி அமத்து" என்று மாமா கத்தினார். அமத்த அமத்த அந்த 'டிக்'கும் மெலிந்து போனது. பிறகு ஜீபிஎஸ் அணைந்தது. கையால் சுற்றும் பிடி உடைந்து கிடப்பது உங்களுக்குத் தெரியுந்தானே. காற்று கொண்டு போன பக்கம் போனோம். இந்தியக் காவற்கப்பல் எங்களைக் கண்டபோது மாமா உதடு வெடித்துப் பேச முடியாமல் கிடந்தார்.

தண்ணீர் தந்தார்கள், அடிக்கவில்லை. ஆனால் கரைக்குக் கொண்டுவந்து, தங்கள் பற்றரியைத் தொடுத்து எஞ்சினை இயக்கினார்கள். ஓடியது. எங்கள் பற்றரியில் மீற்றரை வைத்தார்கள். "பன்னிரண்டரை வோல்ட் காட்டுது. இன்ஜினும் நல்லாயிருக்கு, பேட்டரியும் நல்லாயிருக்கு. எதுக்குப் பொய் சொல்றீங்க?" என்று அதிகாரி கேட்டார். எங்கள் பற்றரியாலேயே ஒருக்கால் ஸ்ராட் பண்ணிப் பாருங்கள் என்று கெஞ்சினேன். எழுதி முடித்துவிட்டார்கள். வேண்டுமென்றே எல்லை தாண்டி மீன்பிடித்தோமாம். அதுதான் வழக்கு.

அண்ணை, போன மார்கழியில், நத்தாருக்கு முதல், உங்கள் கடையில் இல்லாததால் வெளியில் வாங்கிய புதுப் பற்றரி அது. கடலுக்கு வெளிக்கிட்ட அன்று நீங்களே கடையில் சார்ச் ஏற்றி, நீங்களே படகின் பற்றரிப் பெட்டிக்குள் பொருத்திப் பூட்டித் தந்தீர்கள். பன்னிரண்டரை காட்டுகிற பற்றரி எப்படி எஞ்சினைச் சுழற்றாமல் போகும்? இருபது வருசமாகப் பற்றரிக் கடை வைத்திருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியாததா? எங்கள் சட்டத்தரணிக்குச் சொல்லக்கூடிய மாதிரி எழுதி அனுப்புங்கள். அதில்தான் எங்கள் விடுதலை இருக்கிறது.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உங்கள் தம்பி,
கனிசியஸ்


14.04.2022
குருநகர்.

என் உடன்பிறப்பு கனிசியசுக்கு,

உன் கையெழுத்தைக் கண்டதும் அழுதுவிட்டேன் தம்பி. நாளை பெரிய வெள்ளி. ஆண்டவர் பாடுபட்ட நாளுக்கு முதல் நாள் உன் கடிதம் கிடைத்ததை நல்ல அடையாளமாக எடுத்துக்கொண்டோம். நாங்கள் எல்லாரும் சுகம். அடைக்கலநாதன் மாமாவின் சீனி வருத்தம் எப்படி இருக்கிறது? குளிசை கிடைக்கிறதா?

இங்கே சீவியம் சீரழிகிறது. அரை நாளுக்குக் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய்க்கு வரிசை, சமையல் காஸுக்கு வரிசை. கடையில் சனம் குவிகிறது. புதுப் பற்றரி எங்கும் இல்லை. கப்பலில் சாமான் வந்தால்தானே. செத்த பற்றரியைக் கொண்டுவந்து உயிர் கொடுங்கள் என்று நிற்கிறார்கள். நான் என்ன லாசரை எழுப்பினவரா? எங்கள் பிள்ளைகள் சோதனைக்குப் படிக்கிறார்கள். விசிறி சுற்றுவதால் நுளம்புக் கடியும் குறைவு. கெட்டிக்காரியாக வருவாள் மூத்தவள்.

யசிந்தாவை ஞாயிறுகளில் காண்கிறோம். கவலைப்படாதே, ஒரு குறையும் விடமாட்டோம்.

நீ கேட்ட விடயம். மீற்றர் பன்னிரண்டரை காட்டினால் பற்றரியில் பிழை இல்லை. வயர்த் தொடுப்புக் கழன்றிருக்கும். உப்புக் காற்றுக்குத் தொடுப்பில் பூப்பிடிக்கும், கிறீஸ் பூசு என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்? நீ பூசியிருக்க மாட்டாய். பழி சொல்வதற்காக எழுதவில்லை. கடலில் இப்படி நடப்பதுதான்.

மாதாவின் கரம் உங்கள் இருவர் மேலும் இருக்கட்டும்.

அண்ணன்,
றஞ்சித்


22.05.2022
மறியற்சாலை.

அன்பு அண்ணைக்கு,

உங்கள் கடிதம் இந்த மாதத் தொடக்கத்தில் கிடைத்தது. மாமாவுக்கு உரத்து வாசித்துக் காட்டினேன். கிறீஸ் பூசாததற்கு என்னை நன்றாக ஏசினார். பூசியதாகத்தான் எனக்கு ஞாபகம். ஆனாலும் நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். எல்லாரும் சுகமாய் இருப்பதாக அறிந்து மனம் ஆறியது. எனக்கும் சுகம். மாமாவின் வலது கால் பெருவிரலில் மட்டும் ஒரு புண்.

ஒரு புதினமான செய்தி. கரண்ட் போனால் விளக்கெரிய இங்கே ஒரு அறை நிறையப் பற்றரி வைத்திருக்கிறார்கள். அவற்றைப் பார்க்கும் வேலைக்கு என்னையும் ஏகாம்பரம் என்பவரையும் விட்டிருக்கிறார்கள். அவர் லொறி மின்வேலை செய்தவர். ஒரு விபத்து வழக்கில் உள்ளே இருக்கிறார். என் வயதுதான், வாய் ஓயாது.

பற்றரிக்குள் மின்சாரம் தொட்டித் தண்ணீர் போலத் தேங்கி நிற்கிறது என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். உள்ளே இரண்டு விதமான ஈயத் தகடுகள், நடுவில் அமிலம். நாங்கள் கரண்டை எடுக்கும்போது அமிலம் தகடுகளோடு சேர்ந்து அவற்றில் வெள்ளையாய்ப் படிகிறது, அமிலம் தண்ணீராய் மெலிகிறது. சார்ச் ஏற்றும்போது அந்த வெள்ளை கரைந்து தகடு பழையபடி தகடாகிறது. அந்தச் சேர்க்கையும் பிரிவும்தான் மின்சாரம். ஆனால் பற்றரியை மாதக்கணக்கில் சார்ச் இல்லாமல் மூலையில் போட்டுவிட்டால் அந்த வெள்ளை கல்லாய் இறுகிவிடும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் கரையாது. தகட்டின் கொஞ்ச இடம்தான் வேலை செய்யும்.

இதை வாசியுங்கள் அண்ணை. அப்படிப் பழுதான ஒரு பற்றரியில் ஏகாம்பரம் மீற்றரை வைத்தார். பன்னிரண்டரை! நான் துள்ளி எழும்பிவிட்டேன். பிறகு ஒரு லொறி விளக்கைத் தொடுத்தார். மின்மினி மாதிரி ஒரு சிவப்பு, அதோடு சரி. "மீட்டர் பேட்டரிகிட்ட ஒண்ணுமே கேக்காதுப்பா. இன்ஜினைச் சுத்துற மோட்டார்தான் ஒரே நேரத்துல அள்ளிக் கேக்கும். அப்பத்தான் உள்ள ஒண்ணுமில்லன்னு தெரியும்" என்றார். புதிதாகச் சார்ச் ஏற்றினால் ஒருமுறை ஸ்ராட் ஆகவும் கூடுமாம். இறங்கிப்போனாலும் கொஞ்ச நேரம் ஆறவிட்டால் மீற்றரில் திரும்ப ஏறிக் காட்டுமாம். ஊர்க் கரையில் ஸ்ராட் ஆனதற்கும் கடலில் ஆகாததற்கும் காரணம் கிடைத்துவிட்டது.

உங்களுக்கு இதெல்லாம் தெரிந்ததுதான். எங்களை நினைத்த துக்கத்தில் எழுத மறந்துவிட்டீர்கள் போலும்.

ஆனால் மூன்று மாதப் பற்றரி இப்படி ஆகாதாம். விற்றவன் பழசைப் புதுசாக்கி என் தலையில் கட்டியிருக்கிறான். அவனைப் பிடித்துக் கேளுங்கள். பற்றரித் தொழில் தெரிந்தவர் என்ற முறையில் சட்டத்தரணிக்கு நீங்கள் ஒரு கடிதம் எழுதினால் பெரிய உதவி.

பிள்ளைகளின் சோதனை நல்லபடி முடிய மன்றாடுகிறேன்.

தம்பி,
கனிசியஸ்


03.07.2022
மறியற்சாலை.

அன்பு அண்ணைக்கு,

வீட்டில் எல்லாருக்கும் சுகமா? என் கடிதம் கிடைத்ததா? யசிந்தாவிடமிருந்து இதற்குள் இரண்டு கடிதம் வந்துவிட்டன, ஆகையால் தபால் ஓடுகிறது. நீங்கள் எழுதியது எங்கோ தவறியிருக்க வேண்டும்.

மாமாவின் புண் பாதத்துக்கு ஏறிவிட்டது. வெளி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே நன்றாகத்தான் பார்க்கிறார்கள். ஆனால் கட்டிலோடு காலைச் சங்கிலியில் கட்டவேண்டும் என்பது சட்டமாம். நல்ல காலில்தான் கட்டியிருக்கிறார்கள்.

வழக்கின் அடுத்த தவணைக்கு முதல் உங்கள் கடிதம் சட்டத்தரணியின் கையில் இருக்க வேண்டும் அண்ணை.

கனிசியஸ்


25.07.2022
குருநகர்.

பாசமுள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீயும் மாமாவும் தேறிவர யாகப்பர் திருநாளில் மெழுகுதிரி கொளுத்தினோம். நாட்டில் நடந்த குழப்பங்களைக் கேள்விப்பட்டிருப்பாய். எரிபொருள் வரிசையில் நின்று நின்று எனக்கு இடுப்பு நிமிர்த்த முடியாத நாரிப்பிடிப்பு. அதனால்தான் எழுதச் சுணங்கியது.

பற்றரி விற்றவரைத் தேடிப்போனேன். கடை பூட்டு. ஆள் வெளிநாடு போய்விட்டாராம். இனி அதைத் தோண்டி ஒரு பயனும் இல்லை. மறியலில் யாரோ சொன்னதை எல்லாம் நம்பாதே. பற்றரி என்பது ஆளுக்கொரு கதை சொல்லக்கூடிய சாமான்.

நான் விசாரித்த அளவில், குற்றத்தை ஒப்புக்கொண்டால் கெதியில் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். ஒப்புக்கொள் தம்பி. போட் போனால் போகட்டும். உயிர்தான் முக்கியம். கோட்டில் நீதிபதி முன் அதையும் இதையும் கதைத்து இழுத்தால் மாமாவின் கால்தான் பாழாகும்.

ஜெசிதா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

அண்ணன்,
றஞ்சித்


21.08.2022
மறியற்சாலை.

என் யசிக்கு,

நீ சாப்பிடுகிறாயா, நித்திரை கொள்கிறாயா? எனக்கு உடம்பில் ஒன்றுமில்லை. உன் அப்பாவைப் போன கிழமை ஆசுப்பத்திரியில் பார்க்க விட்டார்கள். உன் கையால் ஒரு பிடி பிட்டுச் சாப்பிட்டால் கால் புண் ஆறிவிடும் என்றார். சிரித்தார்.

இந்தக் கடிதத்தைத் தனிய இருந்து வாசி.

எங்கள் சட்டத்தரணி கேட்டதால் பற்றரியைக் கோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு தொழில்நுட்பக்காரர் சுமை வைத்துப் பார்த்தார். பன்னிரண்டில் நின்ற முள் ஆறுக்கு விழுந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உடனே எதிர்ப்பக்கத்தார் எழும்பி, "அஞ்சு மாசமா வெயில்ல கெடந்த பேட்டரி, விழத்தான் செய்யும். பொறப்படும்போது எப்படி இருந்துச்சுன்னு யார் சொல்றது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு மறுமொழி சொல்லக்கூடிய ஆள் ஒருவர்தான்.

யசி, பற்றரி என் கண்ணுக்கு முன்னால் மேசையில் இருந்தது. கடலில் நான் அதை முழுதாகப் பார்க்கவே இல்லை, பெட்டிக்குள் இறுக்கிப் பூட்டியிருந்தது. வெயிலில் அதன் கறுப்புப் பெயின்ற் உரிந்து, ஒரு மூலையில் பச்சை தெரிந்தது. படகுக்குப் பூசுகிற பச்சை. பழைய பற்றரி கீழே விழுந்து மூலை வெடித்தபோது பைபரும் பச்சைப் பசையும் வைத்து நான்தான் ஒட்டினேன், உனக்கு ஞாபகம் இருக்கும். இனி உதவாது என்று அண்ணையின் கடையில் கொண்டுபோய்ப் போட்ட பற்றரி அது. அதற்குக் கறுப்பு அடித்து எங்கள் பெட்டிக்குள் பூட்டியிருக்கிறது.

வேறு விதமாக நடந்திருக்கக்கூடுமா என்று எத்தனையோ வழியில் யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை.

நீ அண்ணை வீட்டுக்கு ஒருமுறை போய்வா. சண்டை பிடிக்காதே. எங்கள் புதுப் பற்றரி எங்கே இருக்கிறது என்று மட்டும் பார். நான் பிழையாக நினைத்திருந்தால் ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும். பிழையாக இருக்க வேண்டும் என்றுதான் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

அப்பாவுக்கு இதை எழுதிவிடாதே.

உன்,
கனிசியஸ்


15.09.2022
குருநகர்.

என் அன்பானவருக்கு,

இவ்விடம் நான் இருக்கிறேன். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போனேன். பின்னேரம், கரண்ட் நிற்கிற நேரம் பார்த்தே போனேன். ஜெசிதா அக்கா குசினியில் நின்றா. ஒழுங்கையில் வீடுகள் எல்லாம் இருண்டன. அந்த வீட்டில் மட்டும் விளக்கு ஒருமுறை கண்ணைச் சிமிட்டிவிட்டுத் திரும்ப எரிந்தது, விசிறி நிற்கவே இல்லை. மாதா சுரூபம் வைத்திருக்கிற மேசைக்குக் கீழே பின்னல் சீலை தொங்கியது. அதற்குள்ளிருந்து சின்னதாய் ஒரு இரைச்சல். குனிந்து சீலையைத் தூக்கினேன். இன்வேட்டர் பெட்டியும் அதோடு தொடுத்த பற்றரியும்.

பாதர் படகை மந்திரித்த அன்று, நகப்பூச்சால் நான் பற்றரியில் சின்னச் சிலுவை போட்டேனே. அது அப்படியே சிவப்பாக இருந்தது.

"அக்கா, உது எங்கடை பற்றரி எல்லே?" என்று கேட்டேன்.

"உதை ஏன் இப்ப தூக்கிப் பாக்கிறாய்? அவர் கடையிலையிருந்து கொண்டந்தவர். எனக்கென்ன தெரியும்."

"சிலுவை என்ரை கையாலை போட்டது."

அக்கா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டா. "பிள்ளையளுக்குச் சோதனை யசி. ஒரு கிழமைக்கெண்டுதான் சொன்னவர். போட் வந்தோண்ண திருப்பி மாத்திப்போடுவன், ஒருதருக்கும் தெரியவராது எண்டவர். போட் வரேல்லை. பிறகு நான் கேக்கிறதுக்குப் பயந்துபோனன்."

அந்த நேரம் உங்கள் அண்ணை உள்ளே வந்தார். தூக்கிக் கிடந்த சீலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்வார், குறைந்தது கத்துவார் என்று நின்றேன்.

"யசி, தேத்தண்ணி குடிச்சனியே?" என்று கேட்டார்.

"அத்தான், என்ரை அப்பா அங்கை கால் அழுகிக் கிடக்கிறார்."

"ஆண்டவர் பாத்துக்கொள்ளுவார்" என்று சொல்லிவிட்டு, குனிந்து சீலையை இழுத்து நேராக்கிவிட்டுப் போனார்.

இவ்வளவு நாளும் பூசை முடிய என் பக்கத்தில் நின்று, "தம்பியின்ரை கடிதம் வந்ததோ, என்ன எழுதியிருக்கிறான்?" என்று கேட்டவர் இவர்தான். நான் ஒவ்வொன்றையும் சொன்னேனே! நீங்கள் என்ன கண்டுபிடிக்கிறீர்கள் என்று அறியத்தான் கேட்டிருக்கிறார். அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை.

ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்தவேண்டும் போல இருந்தது. நீங்கள் சொன்னதற்காக வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

உங்கள்,
யசிந்தா


09.10.2022
மறியற்சாலை.

றஞ்சித் அண்ணைக்கு,

நீங்கள் சுகமாய் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மாமாவின் வலது பாதத்தைக் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும், "காலை எங்கை வைச்சவங்கள் தம்பி?" என்று என்னிடம் கேட்டார்.

யசிந்தா உங்கள் வீட்டுக்கு வந்து போனதை அறிவேன். கோபத்தில் எழுதிக் கிழித்தவை போக, இதை நிதானமாக எழுதுகிறேன். ஏன் செய்தீர்கள் என்று கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு வெளிச்சம் வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே தூக்கிக்கொண்டு வந்து தந்திருப்பேன். அந்தக் கிழமை கடலுக்குப் போகாமல் இருந்திருப்பேன். அது முடிந்த கதை. ஆனால் பங்குனியில் மறியலில் இருந்து நான் "எப்படி இது நடக்கும்" என்று உங்களிடமே கேட்டு எழுதினேன். கிறீஸ் பூசவில்லை என்றீர்கள்.

இப்போது எனக்கு ஒரேயொரு வசனம் வேண்டும். கரையை விட்டுப் போனபோது அந்தப் படகில் இருந்தது பாவித்துக் கழித்த பற்றரி என்று ஒரு சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து அனுப்புங்கள். யார் மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று நீங்கள் எழுதத் தேவையில்லை. கடையில் தவறி மாறுபட்டுவிட்டது என்று எழுதினாலும் நான் மறுக்கமாட்டேன். ஊரில் ஒருவருக்கும் சொல்லமாட்டேன். யசிந்தாவும் சொல்லமாட்டாள். அந்த ஒரு வசனம் வந்தால் நாங்கள் பொய்யர் இல்லை என்றாகும், படகும் திரும்பக் கிடைக்கும் என்று சட்டத்தரணி சொல்கிறார்.

அம்மா சாகும்போது என் கையை உங்கள் கையில்தான் வைத்தா. அதை இப்போது எழுதக்கூடாது என்றிருந்தேன். எழுதிவிட்டேன்.

தம்பி,
கனிசியஸ்


05.11.2022
குருநகர்.

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கண்டேன். மாமாவின் செய்தி அறிந்து வீட்டில் எல்லாரும் அழுதோம். நாங்கள் சுகம். மழை தொடங்கிவிட்டது. மூத்தவளுக்குச் சோதனையில் நல்ல பெறுபேறு வரும் என்கிறார்கள்.

உங்கள் வழக்கு விடயமாக ஒரு அதிகாரி கடைக்கு வந்து விசாரித்தார். சென்னையிலிருந்து கேட்டு எழுதினார்களாம். கேட்டதற்கு மறுமொழி சொல்லிக் கையெழுத்தும் வைத்துக் கொடுத்திருக்கிறேன். ஆண்டவர் நல்லதே செய்வார். மனதைத் தளரவிடாதே.

அண்ணன்,
றஞ்சித்


11.12.2022
மறியற்சாலை.

என் யசிக்கு,

சுகம் விசாரிக்கப் பொறுமை இல்லை, மன்னித்துக்கொள். செய்தியைச் சொல்லிவிடுகிறேன். வழக்கு முடிந்தது. நாங்கள் வருகிறோம்.

அண்ணையின் கடிதம் வந்த நாளிலிருந்து நான் வேறு மனிதனாய் இருந்தேன். கையெழுத்து வைத்துக் கொடுத்தேன் என்று எழுதியிருந்தாரே! ஏகாம்பரத்தைக் கட்டிப்பிடித்தேன். "என்ன இருந்தாலும் அண்ணன்தாம்பா" என்றார் அவர். கோட்டுக்குப் போகும் வாகனத்தில் அண்ணைக்காகச் செபமாலை சொல்லிக்கொண்டு போனேன்.

எதிர்ப்பக்கத்தார் அதை வாசித்தார்கள். எங்கள் பக்கம் இல்லை யசி, எதிர்ப்பக்கம். "எனது கையால் பூட்டப்பட்டது முற்றிலும் புதிய, நல்ல நிலையிலுள்ள பற்றரி. அதில் எந்தக் குறைபாடும் இருக்கவில்லை என உறுதி கூறுகிறேன்." பிறகு அவருடைய முழுப் பெயர், கடையின் பெயர். நீதிபதி என் முகத்தைப் பார்த்து, "இவர் உங்க சொந்த அண்ணன் தானே?" என்று கேட்டார்.

ஓம் என்றேன்.

வேறு என்ன சொல்ல முடியும்? பற்றரியை மாற்றியது ஒரு பேராசை, ஒரு கிழமை அலுவல் என்று நான் சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். இது அப்படி இல்லை. என் கடிதத்தை வாசித்து, மாமாவின் காலைப் பற்றி அறிந்து, ஆறுதலாக இருந்து ஒவ்வொரு சொல்லாய்த் தெரிந்தெடுத்து எழுதிய கடதாசி. ஒரு பேச்சுக்காவது "ஞாபகம் இல்லை" என்று எழுதியிருக்கலாம்.

சட்டத்தரணி சொன்னபடி குற்றத்தை ஒப்புக்கொண்டேன். இருந்த காலமே தண்டனையாகக் கழிந்தது. படகு அரசாங்கத்துக்கு. அப்பாவையும் என்னையும் அடுத்த மாதம் விமானத்தில் அனுப்புவார்கள். வாசலில் ஒரு கதிரை போட்டு வை. அப்பாவுக்கு ஊன்றுகோல் இன்னும் பழகவில்லை.

உன்,
கனிசியஸ்


20.02.2023
குருநகர்.

றஞ்சித் அண்ணைக்கு,

இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்துகொண்டு முத்திரை ஒட்டி எழுதுகிறேன். நேரில் வந்தால் என் கை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது.

நாங்கள் வந்து ஒரு மாதமாகிறது. நீங்கள் வரவில்லை. பூசைக்கும் வேறு கோவிலுக்குப் போகிறீர்கள் என்று கேள்வி. ஜெசிதா அண்ணி ஒருநாள் வந்தா. பற்றரியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து, வாசல் படலைக்குள் இறக்கி வைத்துவிட்டு, உள்ளே வராமலே போய்விட்டா. அதைப் பூட்டப் படகு இல்லை. நான் இப்போது வேறொருவருடைய படகில் கூலிக்குப் போகிறேன். கோட்டில் ஒப்புக்கொண்டவன் என்பதால் சங்கத்தில் என்னோடு கதைக்கிறவர்களும் குறைவு. அதை யாருக்கும் விளங்கப்படுத்தப் போகவில்லை.

இந்தக் கடிதம் அதற்காக அல்ல. மாமாவுக்காக.

அவருக்கு ஒன்றும் தெரியாது. கோட்டில் பற்றரியைக் கொண்டுவந்த நாளிலும், உங்கள் கடதாசியை வாசித்த நாளிலும் அவர் ஆசுப்பத்திரியில் கிடந்தார். யசிந்தா சொல்லவில்லை. சொன்னால் அப்பா அன்றோடு சாப்பாட்டை நிறுத்திவிடுவார் என்று பயப்படுகிறாள். நானும் சொல்லவில்லை.

எல்லாம் எங்கள் பிழை என்றுதான் அவர் இன்னும் நம்புகிறார். தொடுப்பைக் கவனிக்காமல் விட்டதனால் உங்கள் கடையின் பேர் கோடுவரை போய்விட்டதே என்று கவலைப்படுகிறார். நேற்று என்னை இருத்தி வைத்துச் சொன்னார்:

"அந்தப் பிள்ளை அண்டைக்குத் தன்ரை தோளிலை தூக்கிக்கொண்டு வந்து பூட்டித் தந்தவன். 'கவனமாப் போட்டு வாங்கோ மாமா' எண்டு கரையிலை நிண்டு கையும் காட்டினவன். அவன்ரை பேரை நாங்கள் கெடுத்துப்போட்டம். அவன் வெக்கத்திலைதான் இஞ்சை வாறானில்லை. தவக்காலம் பிறக்குது தம்பி. நான் போய் அவனிட்டை மன்னிப்புக் கேக்கவேணும்."

வேண்டாம் என்று யசிந்தா எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தாள். கேட்கவில்லை. முடிவெடுத்துவிட்டார். நான் தடுக்கவில்லை.

ஞாயிறு முதற்பூசை முடிய ஓட்டோவில் உங்கள் வீட்டுக்கு வருவார். வெள்ளைச் சேட்டு தோய்த்துப் போட்டிருக்கிறார். உங்களுக்கென்று பாரைமீன் வாங்கித் தரச் சொல்லியிருக்கிறார். வாங்கிக் கொடுப்பேன். நான் கூட வரமாட்டேன். என்ன சொல்வது, சொல்லாமல் விடுவது என்பது உங்கள் பாடு.

உங்கள் வாசற்படி உயரம். ஒற்றைக் காலால் அவருக்கு ஏற முடியாது, யாராவது கையைப் பிடிக்க வேண்டும். வீட்டில் நில்லுங்கள்.

கனிசியஸ்